மேசை வேலையும் முதுகின் பயிற்சியும்

மேசை வேலையால் வரும் முதுகுவலிக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் அது மாலை நேரத்து அசதி; அலுவலகத்தை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் மறைந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் நாற்காலியிலிருந்து எழும் கணத்தில் இடுப்பு நிமிராது. நாலு எட்டு வைத்த பிறகே உடம்பு நேராகும். மூன்றாம் கட்டத்தில் குனிந்து செருப்பு மாட்டுவதும் குளியலறையில் வாளியைத் தூக்குவதும் பயந்து பயந்து செய்யும் காரியங்கள் ஆகிவிடுகின்றன. திருவனந்தபுரத்தில் பிசியோதெரபி செய்பவர்களிடமும் உடற்பயிற்சி கற்பிப்பவர்களிடமும் மேசைப் பணியாளர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தில்தான். முதல் கட்டத்திலேயே வந்திருந்தால் இரண்டு மூன்று எளிய பயிற்சிகளோடு முடிந்திருக்கும் என்பது இத்தொழிலில் இருப்போர் திரும்பத் திரும்பப் படும் வருத்தம்.

மேசை வேலை இந்த நகரத்துக்கு நெடுநாள் பழக்கம். ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், திவான் டி. மாதவராவின் நிர்வாகத்தில், பொறியாளர் வில்லியம் பார்ட்டன் வடிவமைத்த ஹஜூர் கச்சேரி 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றைய கேரள அரசின் தலைமைச் செயலகம் அதுவே. தலைமுறை தலைமுறையாக எழுத்தர்கள் அங்கே கோப்புக் கட்டுகளின்மேல் கவிழ்ந்து எழுதினார்கள். 1990இல் கழக்கூட்டத்தில் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் உருவானது. இன்று அதன் வளாகங்களில் 70,000க்கும் மேற்பட்டோர் கணினித் திரைமுன் வேலை பார்க்கிறார்கள். குமரி மாவட்டத்திலிருந்து வந்த தமிழர்களும் அவர்களில் உண்டு.

நோயும் பழையதுதான். தொழிலாளர் நோய்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700இல் வெளியிட்ட நூலை 1713இல் விரித்து எழுதியபோது எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே கை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிழை நேரக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது என மூன்று காரணங்களை அவர் பிரித்துக் காட்டினார். மூன்றும் இன்றைக்கும் பொருந்தும். 2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்றும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

வலி பிறக்கும் விதம்

முதுகெலும்பில் அசையக்கூடிய எலும்புகள் 24: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. நிற்கும்போது இடுப்புப் பகுதி உள்வாங்கிய வளைவாக இருக்கும். உட்காரும்போது தொடை முன்னால் மடங்க, இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்கிறது. அந்த வளைவு தட்டையாகிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜே. ஜே. கீகன் 1953இல் எக்ஸ்ரே படங்களின் மூலம் இதைக் காட்டினார். நாற்காலியின் இடுப்புத் தாங்கலும் பின்சாய்வும் முக்கியம் என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது.

1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், டிஸ்க் என்று எல்லோரும் சொல்லும் இடைவட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி உட்காரும்போது, நிற்பதைவிட அழுத்தம் கூடுகிறது என்று கண்டார். உட்காருவதே முதுகுக்குப் பகை என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டில் மீண்டும் அளந்தபோது படம் மாறியது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் இருந்த அழுத்தம், சாதாரணமாக உட்கார்ந்தபோது ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. நாற்காலியில் சரிந்து சாய்ந்தபோது குறைந்தது. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ எடையைத் தூக்கியபோது மட்டும் 2.3 மெகாபாஸ்கலுக்கு ஏறியது.

ஆகவே அழுத்தத்தின் அளவை மட்டும் வைத்து மேசை வலியை விளக்க முடியாது. நேரம்தான் பெரிய காரணம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முழுவதும் குனிந்திருந்தவர்களின் முதுகு மூட்டுகள், நிமிர்ந்து அரை மணி நேரம் ஆன பிறகும் பழைய விறைப்பை முழுமையாகப் பெறவில்லை. எலும்புகளை இணைக்கும் நார்கள் மெல்ல இழுபட்டுத் தளர்கின்றன; அந்தத் தளர்ச்சி போவதற்கு முன்பே எழுந்து பாரத்தைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்கிறது. மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு, தண்ணீர் இயந்திரத்தின் 20 லிட்டர் கேனை மாற்றப் போனவருக்குப் பிடித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

வட்டுக்கு இன்னொரு தேவையும் உண்டு. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது என்றே சொல்லலாம். சுற்றியுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் நீர்மமே அதன் உணவு. அசைவும், ஏறி இறங்கும் அழுத்தமும் அந்தப் போக்குவரத்துக்குத் துணை செய்கின்றன. நிமிர்ந்த நிலையாயினும் குனிந்த நிலையாயினும், மாறாமல் இருப்பது வட்டுக்கு நல்லதல்ல. "நேராக உட்கார்" என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்த அறிவுரையைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்து, நாள் முழுவதும் விறைத்து உட்கார்ந்து வலி வாங்கியவர்களும் சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது சாய்ந்து உட்காருவதை.

நிற்பதும் அப்படியே. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் வேலை நேரம் முழுவதும் உட்காரவே அனுமதிக்கப்படாமல் நின்றார்கள். கோழிக்கோட்டின் 'பெண்கூட்டு' அமைப்பு விஜியின் தலைமையில் நடத்திய போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை உறுதிசெய்தது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சென்றது. நின்றபடியே வேலை செய்யும் உயர மேசையை வாங்கினால் வலி தீரும் என்று நம்பும் அலுவலகங்கள் இந்தக் கடைப் பெண்களின் கால்வலியையும் இடுப்புவலியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதற்பரிசோதனை

அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட், வந்தவர் கதவைத் திறந்து உள்ளே நுழையும்போதே கவனிக்கத் தொடங்கிவிடுவார். பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறார், உட்காரும்போது கையை ஊன்றுகிறாரா, எழும்போது இடுப்பை மடக்குகிறாரா முதுகை வளைக்கிறாரா, பேசும்போது மூச்சு மேல்மார்பில் நிற்கிறதா என்பவை கட்டிலில் படுக்கவைத்துச் செய்யும் சோதனைகளுக்கு முன்பே பாதி விடையைத் தந்துவிடும்.

அடுத்தது விசாரணை. வலி காலையில் கூடுகிறதா மாலையிலா, உட்கார்ந்தால் கூடுகிறதா நடந்தாலா, இருமினால் காலுக்கு இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். இதே இடத்தில் ஆபத்துக் குறிகளையும் கேட்டுவிட வேண்டும். சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது, மலசலக் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடுவது ஆகியவை இருந்தால் ஒரு பயிற்சிகூடத் தராமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாமதம் நிரந்தர ஊனத்தில் முடியலாம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தவரின் புதிய வலி, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி ஆகியவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. 40 வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பும், ஓய்வில் கூடி அசைவில் குறையும் தன்மையும் உள்ள வலியை மேசை வலி என்று எண்ணி ஏமாறக் கூடாது. அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம்.

பலர் எம்ஆர்ஐ படத்தைக் கையிலேயே கொண்டுவருவார்கள். "டிஸ்க் விலகிடுச்சு, இனிமே குனியவே கூடாதாம்" என்று சொல்வார்கள். வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, 20 வயதினரில் 37 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 96 சதவீதத்தினரிடமும் வட்டுத் தேய்மானம் காணப்படுவதாகச் சொல்கிறது. வட்டு பிதுங்கியிருப்பது 20 வயதினரில் 30 சதவீதத்தினரிடம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலியின் காரணம் அல்ல. இதைப் பொறுமையாக விளக்குவதும் சிகிச்சையின் பகுதியே. பயம் தீராதவர் பயிற்சியை முழு மனத்தோடு செய்யமாட்டார்.

கடைசியாகத் தாங்குதிறன் சோதனை. உடலின் மேற்பாதியைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக் குப்புறப் படுத்து, எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று பார்ப்பது ஒரு முறை. டென்மார்க்கின் பியரிங்-சோரன்சன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சோதனையில் நெடுநேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதல்முறை முதுகுவலி வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. முதுகுத் தசைக்கு வேண்டியது பெரும் பலத்தைவிட நெடுநேரத் தாங்குதல். மேசைப் பணியாளரின் பயிற்சித் திட்டம் முழுவதும் இந்தக் கருத்தின்மேல் நிற்கிறது.

வலி கடுமையாக இருக்கும் நாட்கள்

முதல் சில நாட்களில் நோக்கம் வலியைத் தணிப்பது மட்டுமே. முழு ஓய்வு உதவாது. படுத்தே கிடந்தவர்கள் எழுந்து நடமாடியவர்களைவிடத் தாமதமாகத் தேறுகிறார்கள். வீட்டுக்குள் ஐந்து பத்து நிமிடம் நடப்பதும், உட்காரும் நேரத்தைத் துண்டு துண்டாகக் குறைப்பதும் போதும்.

உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறையும் வலிக்குக் குப்புறப் படுக்கும் பயிற்சி நல்ல பலன் தருவதுண்டு. இதை உலகுக்குக் கொடுத்தவர் நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி. 1956இல் வெலிங்டனில் அவருடைய சிகிச்சையறையில், காலுக்கு இறங்கிய வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறப் படுத்திருந்தார். சில நிமிடங்களில் கால்வலி மறைந்துவிட்டது. அதைக் கவனித்து வளர்த்தெடுத்ததே மெக்கென்சி முறை.

செய்யும் வரிசை இது: முதலில் குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சை மெதுவாக விட வேண்டும். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி அதே அளவு நேரம் இருக்க வேண்டும். அதில் வலி கூடவில்லையென்றால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே தளரவிட்டு, மேலுடலை மட்டும் பத்து முறை உயர்த்தி இறக்க வேண்டும். பாம்பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பின்புறத் தசைகளை இறுக்காமல் கையின் பலத்தால் மட்டும் எழுவது இதன் நுட்பம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டிய குறி ஒன்று உண்டு. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறிவந்தால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும், நல்லது நடக்கிறது என்று பொருள். வலி கீழ்நோக்கி இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். நடந்தால் கூடி, குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் குறையும் வலிக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, இந்தப் பயிற்சி பொருந்தாது. அவர்களுக்கு முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சியே இதம் தரும்.

காலையில் எழுந்ததும் குனிந்து விரலால் பாதத்தைத் தொடுவது பலருடைய வழக்கம். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை ஈர்த்து உப்புகின்றன. எழுந்த முதல் மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் இழுவை அதிகம். அதிகாலைக் குனிதலைத் தவிர்த்த நாள்பட்ட நோயாளிகளுக்கு வலி குறைந்ததை அமெரிக்காவில் ஸ்னூக் குழுவினர் 1998இல் பதிவுசெய்தார்கள். எழுந்ததும் நடை, பிறகு குளியல், அதற்கும் பிறகே குனியும் பயிற்சிகள் என்று வரிசையை மாற்றினாலே சிலருக்குப் பாதி வலி போய்விடுகிறது.

தாங்கும் தசைகள்

தசைகளை நீக்கிவிட்டால் முதுகெலும்பு தன் சொந்தப் பலத்தில் உடலின் எடையைத் தாங்காது. நான்கு புறமும் கயிறு இழுத்துக் கட்டிய கொடிக்கம்பம் நிற்பதுபோல், வயிறு, விலா, முதுகுத் தசைகள் சமமாக இழுப்பதால்தான் அது நிற்கிறது. மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் மூன்று திசைகளையும் தனித்தனியே பழக்குகின்றன. முதுகை வளைக்காமலே தசைக்கு வேலை தருகின்றன.

உடல் சூடேறப் பூனை-ஒட்டகப் பயிற்சியோடு தொடங்குவது வழக்கம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மெல்ல மேலே குவித்து, மெல்லக் கீழே இறக்க வேண்டும். ஏழெட்டு முறை போதும். இது அசைவுக்கான பயிற்சி. இழுத்து நீட்டக் கூடாது.

முதலாவது, முன்வயிற்றுக்கானது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இரு கைகளையும் இடுப்பின் வளைவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். கழுத்தை மடக்கக் கூடாது. ஜிம்மில் சேர்ந்ததும் பலரும் செய்யும் முழு எழும்பல் பயிற்சி முதுகைத் திரும்பத் திரும்ப மடக்குகிறது. நாளெல்லாம் மடங்கி உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையில்லை.

இரண்டாவது, பக்கவாட்டுப் பாலம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் மடக்கிய முழங்கால்களையும் ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி நேராக நிறுத்த வேண்டும். பலம் வந்த பிறகு முழங்காலுக்குப் பதில் பாதத்தை ஊன்றலாம். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பலவீனமான பக்கத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

மூன்றாவது, முதுகுப்புறத்துக்கானது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒரே சமயத்தில் நீட்டி எட்டுப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். பிறகு பக்கம் மாற்ற வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. காலை மிக உயரத் தூக்கினால் கீழ்முதுகு குழிந்துவிடும்; பிட்டத்தின் உயரமே எல்லை.

ஒவ்வொன்றையும் முதல் சுற்றில் ஆறு முறை, அடுத்ததில் நான்கு, கடைசியில் இரண்டு என்று இறங்குவரிசையில் செய்வது மெக்கில் சொல்லும் அளவு. நிறுத்தும் நேரத்தைப் பத்து விநாடிக்கு மேல் நீட்டுவதைவிட, முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. மூச்சை அடக்காமல் செய்வது இன்றியமையாதது. வயிற்றை உள்ளிழுக்கவும் வேண்டாம்; யாரோ விளையாட்டாகக் குத்த வரும்போது வயிறு தானாக இறுகுமே, அந்த இறுக்கத்தில் கால்பங்கு போதும்.

இடுப்பும் தொடையும்: களரி தரும் பாடம்

மேசைப் பணியாளரின் முதுகு வலிப்பதற்கு, வேலை செய்ய வேண்டிய இடுப்பு மூட்டு வேலை செய்யாததும் காரணம். நாள் முழுவதும் மடங்கிக் கிடக்கும் முன்தொடைத் தசை இறுகுகிறது. பிட்டத்தின் தசை பழக்கமின்றிச் சோம்புகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் மருத்துவர் விளாதிமிர் யாண்டா இந்தச் சமனின்மையை ஒரு தனிக் கோலமாக விவரித்தார். இடுப்பு மடங்காத உடம்பில், குனியும் வேலை முழுவதும் கீழ்முதுகின்மேல் விழுகிறது.

இதற்கு எதிரான பயிற்சியைத் திருவனந்தபுரம் தன் கைவசமே வைத்திருக்கிறது. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே கிழக்கேகோட்டையில், சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் நிறுவிய சி.வி.என். களரி இன்றும் இயங்குகிறது. அவர் தந்தை சி. வி. நாராயணன் நாயர் மலபாரில் களரிப்பயிற்றின் மறுமலர்ச்சிக்கு முன்நின்றவர். தரைமட்டத்துக்குக் கீழே, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைந்த களத்தில் அதிகாலையில் பயிற்சி நடக்கும். ஆயுதம் தொடுவதற்கு முன் நெடுங்காலம் மெய்ப்பயிற்று மட்டுமே. கால் வீச்சுகள், தாழ்ந்த நிலைகள், யானை, சிங்கம், குதிரை, பன்றி முதலான எட்டு வடிவங்கள் என்று அது விரிகிறது. எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்று: உடல் தாழ்வது இடுப்பையும் முழங்காலையும் மடக்கித்தான்; முதுகு நீண்டே இருக்கும். தெற்கே நெய்யாற்றின்கரையிலிருந்து குமரி மாவட்டம் வரை ஆசான்கள் கற்பித்த தெக்கன் முறையிலும் தாழ்ந்து ஊன்றும் நிலைகளும் கால் வலுவும் அடித்தளம். அதன் வர்ம நூல்கள் தமிழில் இருப்பதால் இரு மாநில எல்லையிலும் அது ஒரே மரபாகவே புழங்குகிறது.

வலியோடு வரும் நாற்பது வயதுக்காரரைக் களரியின் முழுத் தாழ்நிலைக்கு இறக்கக் கூடாது. அதன் அடிப்படையைப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும். முதற்படி, கம்புப் பயிற்சி. ஒட்டடைக் கம்பை முதுகோடு நெடுக்காகப் பிடித்து, தலையின் பின்புறம், மேல்முதுகு, இடுப்பின் அடி ஆகிய மூன்றும் கம்பைத் தொடும்படி நிற்க வேண்டும். தொடுகை விலகாமல், பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனிய வேண்டும். கம்பு விலகும் இடத்தில் முதுகு வளைகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். இந்தக் குனிதல் பழகியவர், விழுந்த பேனாவை எடுப்பது முதல் குழந்தையைத் தூக்குவது வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறார்.

இரண்டாம் படி, பிட்டப் பாலம்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துதல், பத்துப் பத்தாக இரண்டு சுற்று. மூன்றாம் படி, ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலை முன்வைத்து, பின்காலின் முன்தொடை இழுபடும்படி அரை நிமிடம் நிற்பது, பக்கத்துக்கு இரண்டு முறை. நான்காம் படி, நாற்காலியைத் தொட்டு எழும் அரைக் குந்தல். ஐந்தாம் படி, பெட்டியோ எடையோ தூக்குவது. எடை தூக்கவே கூடாது என்று நெடுங்காலம் அஞ்சியிருந்தவர் பத்துக் கிலோ அரிசிப் பையைச் சரியான முறையில் தூக்கி இறக்கும் நாளில் அவர் நடையே மாறிவிடுகிறது.

மேல்முதுகும் கழுத்தும்

தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணித்த மாதிரியின்படி, தலை 60 பாகை குனியும்போது கழுத்தின்மேல் 27 கிலோ அளவுக்கு விசை விழுகிறது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கை சரியாக இருந்தால் கழுத்து குனியும். கழுத்து சரியாக இருந்தால் கை தூக்கி நிற்கும்.

பயிற்சிகள் நான்கு. மோவாயைக் கீழே சாய்க்காமல் நேராகப் பின்னுக்குத் தள்ளி ஐந்து விநாடி நிறுத்துவது. நாற்காலிச் சாய்மானத்தின் மேல்விளிம்பில் மேல்முதுகை வைத்து, கைகளைத் தலைக்குப் பின்னே கோத்து, மெல்லப் பின்வளைவது. சுவரில் முதுகையும் முன்கைகளையும் ஒட்டிக் கைகளை மேலும் கீழும் வழுக்குவது. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைகளைப் பின்னே சேர்த்து இழுப்பது. முதல் மூன்றும் அசைவு தருபவை. பலம் தருவது நான்காவது. அசைவோடு நிறுத்திவிடுபவர்களுக்குக் கழுத்துப் பிடிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது.

இருக்கையும் இடைவேளையும்

நாற்காலியைச் சரிசெய்வது பயிற்சிக்கு மாற்று ஆகாது. பயிற்சியின் பலனைக் காக்கும். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். எட்டாதவர் பலகை வைத்துக்கொள்ளலாம். இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். சாய்மானம் 100 முதல் 110 பாகை வரை பின்சாய்ந்திருக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். மடிக்கணினிக்கு ஸ்டாண்டும் தனி விசைப்பலகையும் சிறிய செலவில் பெரிய பலன் தரும்.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். ஒரு நிமிடம் போதும்: கைகளை மேலே உயர்த்தி ஆழ்ந்து மூச்சிழுத்து, இடுப்பில் கைவைத்து மெல்ல ஐந்து முறை பின்வளைந்து உட்காரலாம். பணியாளர்கள் இதைக் கடைப்பிடிக்கச் சிறந்த வழி, ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு சேர்த்துக் கட்டுவது. தொலைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நிற்பது, சாயா குடிக்கும் நேரத்தைக் குறுநடையாக்குவது போன்றவை நிலைக்கின்றன. நினைவூட்டும் செயலிகளைப் பலர் சில வாரங்களில் அணைத்துவிடுகிறார்கள்.

நடையும் மழைக்காலமும்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. முதுகுக்கு மலிவான, ஆபத்தில்லாத உழைப்பு நடை. கனகக்குன்று, மியூசிய வளாகம், சங்குமுகம் கடற்கரை ஆகிய இடங்களில் காலையும் மாலையும் நடப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். குன்றும் பள்ளமுமான இந்த நகரத்தில் ஏறி இறங்கி நடப்பதே பிட்டத் தசைக்குப் பயிற்சி. கைகளை வீசி, சற்று வேகமாக நடக்க வேண்டும்; கடைத்தெருவில் மெல்ல நகர்வது நிற்பதற்குச் சமம்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் நடை நின்றுபோகும்; வலி திரும்புவது அந்தப் பருவத்தில் அதிகம். களரி மரபில் மழைக்காலமே பயிற்சிக்கு உரிய காலம். மேசைப் பணியாளரும் அதைப் பின்பற்றி, வெளிநடைக்குப் பதில் மாடிப்படி ஏறுவதையும் வீட்டுக்குள் தரைப்பயிற்சியையும் அந்த மாதங்களில் கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணெயும் இடுப்புப் பட்டையும்

கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், எண்ணெய்ச் சிகிச்சைக்கும் உழிச்சலுக்கும் போவது கேரள வழக்கம். 1889இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி உள்ள நகரத்தில் இதற்கு இடமும் ஆளும் குறைவில்லை. தேர்ந்த கையால் செய்யும் உழிச்சல் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். அந்தத் தளர்ச்சி இருக்கும் நாட்களில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு நன்மை நீடிக்கிறது. எண்ணெயோடு நிறுத்தியவர்களுக்கு, அதே நாற்காலிக்குத் திரும்பியதும் வலியும் திரும்புகிறது.

களரியில் பயிற்சிக்கு முன் நீண்ட பருத்தித் துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றுவார்கள். கச்ச கட்டுதல் என்பது அதன் பெயர். பயிற்சி முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கடையில் வாங்கிய இடுப்புப் பட்டையை நாள் முழுவதும் அணிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட முதுகுவலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்லும் கல்வியையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகளையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

தொடர்ச்சியும் திரும்பி வரும் வலியும்

வலி தணிய இரண்டு முதல் ஆறு வாரமும், தசையின் தாங்குதிறன் கண்ணுக்குத் தெரியும்படி மாற மூன்று மாதமும் ஆகும் என்று எதிர்பார்க்கலாம். திட்டத்தில் பயிற்சிகள் குறைவாக இருப்பது நல்லது. பன்னிரண்டு படங்கள் அச்சிட்ட தாளை வாங்கிப்போனவர் ஒன்றையும் செய்யாமல் திரும்புவார். மூன்றைக் கற்றுப்போனவர் மூன்றையும் செய்துவிட்டு நான்காவதைக் கேட்பார். பயிற்சியின்போது வரும் வலி பொறுக்கக்கூடியதாக இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை.

ராமஸ்ஸினி சொன்ன மூன்றாவது காரணத்தையும் மறக்கக் கூடாது. தூக்கக் குறைவும் காலக்கெடு நெருக்கடியும் வலியைப் பெருக்குகின்றன. அமெரிக்க நேரத்துக்கு நள்ளிரவுக் கூட்டங்களில் இருப்பவருக்கு, அந்த வாரத்தில் பயிற்சியின் அளவைக் குறைத்து, தூங்கும் நேரத்தைக் காத்துக்கொடுப்பதே நல்ல சிகிச்சை.

முதுகுவலி பலருக்கு மீண்டும் ஒருமுறையாவது வரும். திரும்பி வந்தால் சிகிச்சை தோற்றது என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. ஆபத்துக் குறிகள் இல்லையென்று உறுதிசெய்து, கடுமையான நாட்களுக்கு உரிய பயிற்சிகளுக்கு இரண்டு மூன்று நாள் திரும்பி, நடையை நிறுத்தாமல் வைத்துக்கொண்டு, பிறகு தாங்குதிறன் பயிற்சிகளைப் பாதி அளவில் தொடங்கினால் போதும். இந்த வரிசையை நோயாளியே தெரிந்து, யாரையும் தேடி ஓடாமல் தன் வீட்டுத் தரையிலேயே செய்துகொள்ளும் நிலைக்கு வருவதுதான் இத்தொழிலில் இருப்பவர் எட்ட வேண்டிய இலக்கு. அதன் பிறகு அவருக்குத் தேவை வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம். வேலையில் இருக்கும் காலம் முழுவதும்.